கைக்கு வைத்தியம் செய்பவர் யார்?

கிண்டி என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்?

பாம்புப் பண்ணை வரும். சிறுவர் பூங்கா வரும். கவர்னர் மாளிகை வரும். 1958-ல் உண்டான தொழிற்பேட்டையும் வரும்.

அண்ணா சாலையில் ஒரு பெரிய கட்டடம் இருக்கிறது. அதுதான் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். டாக்டருக்குப் படித்தவர்களும் நர்சுக்குப் படித்தவர்களும் அங்கேதான் பட்டம் வாங்குகிறார்கள். இது பலருக்குத் தெரியும்.

அதே பல்கலைக்கழகம் இன்னொரு பட்டமும் கொடுக்கிறது. அதன் பெயர் பி.ஓ.டி. இதைப் படித்தவர் எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார் என்று கேட்டால், பத்துப் பேரில் ஒன்பது பேர் விழிப்பார்கள்.

பி.ஓ.டி. என்றால் ஆக்குபேஷனல் தெரபி படிப்பு. தமிழில் "செயல்முறைச் சிகிச்சை" என்கிறார்கள். சிலர் "தொழில்வழிச் சிகிச்சை" என்கிறார்கள். இந்த இரண்டாவது பெயரால் ஒரு குழப்பம். "என் பிள்ளைக்கு வேலை வாங்கிக் கொடுப்பீர்களா?" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. "ஓ.டி." என்று சுருக்கமாகச் சொன்னாலும் வம்புதான். ஆஸ்பத்திரியில் ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர். "ஓ.டி.க்கு அழைத்துப் போங்கள்" என்றதும், ஆபரேஷன் என்று எண்ணிப் பயந்து நடுங்குகிறவர்களைப் பார்க்கலாம்!

பெயர் கிடக்கட்டும். வேலை என்ன?

சட்டைப் பொத்தான்

ஒருவருக்குப் பக்கவாதம் வருகிறது. வலது பக்கம் விழுந்துவிடுகிறது. டாக்டர் உயிரைக் காப்பாற்றுகிறார். பிசியோதெரபிஸ்ட் காலுக்கும் கைக்கும் பயிற்சி கொடுத்து நடக்க வைக்கிறார். வீட்டுக்கு வருகிறார்.

வந்த பிறகுதான் கஷ்டம் தெரிகிறது. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. சோற்றைப் பிசைந்து வாயில் வைக்க முடியவில்லை. குளியல் அறைக்குப் போனால் சொம்பு கையில் நிற்பதில்லை. நேற்று வரை குடும்பத்தைத் தாங்கியவருக்கு இன்று மனைவி ஊட்டிவிட வேண்டி இருக்கிறது. அவர் மனம் என்ன பாடுபடும்!

இந்த இடத்தில்தான் செயல்முறைச் சிகிச்சையாளர் வருகிறார். சாப்பிடுவது, உடுத்துவது, குளிப்பது, எழுதுவது, சமைப்பது, வேலைக்குப் போவது ஆகிய அன்றாடக் காரியங்களை மீண்டும் செய்யக் கற்றுக்கொடுப்பதே அவர் வைத்தியம். கரண்டியின் பிடியில் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுப்பார். பொத்தானுக்குப் பதில் ஒட்டும் பட்டை தைக்கச் சொல்வார். கழிப்பறைச் சுவரில் கைப்பிடி எங்கே அடிக்க வேண்டும் என்று அளந்து சொல்வார். பூத்தொடுக்கும் பெண்ணுக்குப் பூத்தொடுப்பதையே விரலுக்குப் பயிற்சியாக்குவார்.

பென்சில் பிடிக்க வராத பிள்ளை, சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளை, ஆறு வயதாகியும் கரண்டி பிடிக்கத் தெரியாத பிள்ளை இவர்களுக்கும் அவரே வைத்தியர். தொழிற்பேட்டையில் கடைசல் எந்திரத்தில் விரல் போன தொழிலாளி, மிச்சம் இருக்கும் விரல்களைக் கொண்டு மறுபடி ஸ்பானர் பிடிக்க வேண்டும் என்றால், அதற்கும் அவர் வேண்டும்.

வேலூர் காட்டிய வழி

இந்த வைத்தியத்தின் அருமை தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல.

கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்கார டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். பெரிய சாதனை!

ஆனால், அவர் எதிர்பாராத ஒன்று நடந்தது. கை நிமிர்ந்தவர்கள் திரும்பி வந்து வருத்தப்பட்டார்கள். கை கோணலாக இருந்தபோது பிச்சையாவது கிடைத்தது. இப்போது அதுவும் இல்லை. தொழுநோய் வந்தவன் என்பதால் வேலை கொடுப்பாரும் இல்லை.

கையைச் சரி செய்தால் மட்டும் போதாது, அந்தக் கையால் ஒரு காரியம் செய்யக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று பிராண்ட் கண்டுகொண்டார். 1951-ல் வேலூரில் "நவஜீவ நிலையம்" உண்டாயிற்று. சிறு குடிசைகள். அங்கே நோயாளிகள் தச்சு வேலை கற்றார்கள். பொம்மை செய்தார்கள். உணர்ச்சி இல்லாத கையால் உளியை எப்படிப் பிடித்தால் காயம் படாது என்று பழகினார்கள்.

அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-ல் ஒரு வாகன விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. அந்த அம்மையார் மூலையில் உட்காரவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தண்டுவடம் அடிபட்டவர்கள் அங்கே தாமாகவே உடுத்தவும் சமைக்கவும் கற்றுக்கொண்டு ஊருக்குப் போனார்கள்.

பம்பாயில் இதற்கு முன்பே பள்ளிக்கூடம் வந்துவிட்டது. அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்த கமலா நிம்ப்கர் என்ற பெண்மணி, 1950-ல் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் அதைத் தொடங்கினார். 1952-ல் அகில இந்தியச் சங்கம் பிறந்தது. அதே ஆண்டில் உலகச் சம்மேளனம் உண்டானபோது, அதைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அமெரிக்காவும் கனடாவும் உட்கார்ந்த வரிசையில் நாமும் உட்கார்ந்தோம்!

எழுபத்தோரு ஆண்டு

இனி, என் வழக்கைச் சொல்கிறேன்.

டாக்டர்களின் பெயரைப் பதிவு செய்ய, சென்னை மாகாணத்தில் 1914-லேயே சட்டம் வந்தது. நர்சுகளுக்கும் மருத்துவச்சிகளுக்கும் 1926-ல் வந்தது. பல் டாக்டருக்கும் மருந்தாளுநருக்கும் 1948-ல் வந்தது.

செயல்முறைச் சிகிச்சையாளருக்கு எப்போது வந்தது? 2021-ல்!

பள்ளிக்கூடம் தொடங்கியது 1950-ல். நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது 2021-ல். இடையில் எழுபத்தோரு ஆண்டுகள். டெல்லி மட்டும் 1997-ல் தனியாக ஒரு சட்டம் செய்துகொண்டது. பிறகு மராட்டியமும் செய்தது. தமிழ்நாட்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஊனமுற்றோருக்குப் பணி செய்கிறவர்களைப் பதிவு செய்ய மத்திய அரசு 1992-ல் ஒரு சட்டம் போட்டது. பேச்சுப் பயிற்சி கொடுப்பவர், சிறப்பு ஆசிரியர், மன நல நிபுணர் எல்லாரும் அதில் பெயரோடு இருந்தார்கள். செயல்முறைச் சிகிச்சையாளரின் பெயரைக் காணோம். ஒரே மையத்தில் பக்கத்துப் பக்கத்து அறை. ஒரு அறையில் இருப்பவருக்குப் பதிவேடு உண்டு. அடுத்த அறையில் இருப்பவருக்கு இல்லை!

பதிவேடு இல்லாவிட்டால் என்ன கெட்டுவிட்டது?

கெட்டது உண்டு. மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுக்க வேண்டியது. ஒரு ஊஞ்சல் கட்ட வேண்டியது. ஒரு பெரிய ரப்பர் பந்து வாங்கிப் போட வேண்டியது. சுவரில் மிக்கி மவுஸ் வரைய வேண்டியது. வாசலில் "தெரபி சென்டர்" என்று போர்டு மாட்ட வேண்டியது. உள்ளே இருப்பவர் நான்கு ஆண்டு கல்லூரியில் படித்தவரா, மூன்று மாத வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரா? தாய்க்கு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்தது எல்லாம், மாதம் பிறந்தால் கட்ட வேண்டிய பணம்தான்.

பணம் போனால் சம்பாதிக்கலாம். பிள்ளையின் மூன்று வயதும் நான்கு வயதும் போனால் திரும்பி வருமா? மூளை வேகமாக வளரும் காலம் அது. அந்தக் காலத்தை ஊஞ்சலில் ஆட்டியே கழித்துவிட்டால், அந்த நஷ்டத்துக்கு யார் பதில் சொல்வது?

இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகும் பெற்றோரைக் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. காய்கறிக்காரர் தராசுக்குக்கூட சர்க்கார் முத்திரை இருக்கிறது. பிள்ளையின் கையைப் பிடித்து வைத்தியம் செய்கிறவருக்கு முத்திரை இல்லாமல் எழுபத்தோரு ஆண்டு விட்டுவைத்தது பெற்றோர் குற்றமா?

சட்டம் வந்தது, பிறகு?

2021 மார்ச்சில் ஜனாதிபதி கையெழுத்திட்ட சட்டம், மருத்துவம் சார்ந்த ஐம்பதுக்கு மேற்பட்ட தொழில்களைப் பட்டியல் போட்டது. அதில் செயல்முறைச் சிகிச்சையும் சேர்ந்தது. இந்த வரிசையில் உள்ள சிகிச்சையாளர் பட்டம் பெறக் குறைந்தது 3,600 மணி நேரம் படித்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. டெல்லியில் ஒரு தேசிய ஆணையம். ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு மன்றம். மன்றத்திடம் ஒரு பதிவேடு. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் தொழில் செய்தால் தண்டனை. எழுத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

ஆறு மாதத்துக்குள் மாநிலங்கள் மன்றத்தை அமைக்க வேண்டும் என்பது சட்டம். ஆறு மாதம் போயிற்று. மூன்று ஆண்டும் போயிற்று. பல மாநிலங்கள் அசையவில்லை. கடைசியில் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2024 ஆகஸ்டில் கோர்ட்டு கண்டித்தது. அக்டோபர் 12-ந் தேதிக்குள் சட்டத்தைச் செயலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று கெடு விதித்தது. பார்லிமெண்டு செய்த சட்டத்தை நடத்த கோர்ட்டு கெடு வைக்க வேண்டி இருக்கிறது!

மன்றம் அமைத்தால் மட்டும் வேலை முடிந்துவிடாது. பதிவேடு யாருக்காக? அதிகாரியின் பீரோவுக்காகவா? கிண்டி ரெயில் நிலையத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்குகிறாளே ஒரு தாய், அவளுக்காக. அவள் தன் கைப்போனில் பார்த்தால், ஊர்வாரியாக, தமிழில், பெயரும் எண்ணும் வர வேண்டும். கைப்போன் இல்லாதவளுக்கு, மையத்தின் வாசல் போர்டிலேயே பதிவு எண் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் இது நடக்கிறது. அங்கே "ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்" என்ற பெயரைப் பதிவு இல்லாதவர் போட்டுக்கொண்டால் குற்றம். பதிவேட்டை யார் வேண்டுமானாலும் காசு இல்லாமல் பார்க்கலாம். அங்கே முடிகிறது, இங்கே முடியாதா?

உதவியாளர் வயிற்றில் அடிப்பதா?

இதற்கு ஒரு மறுப்பு வரும். அதில் நியாயமும் இருக்கிறது.

"பட்டம் வாங்கியவர்கள் நகரத்தில் இருக்கிறார்கள். கிராமத்துப் பிள்ளைக்கு யார்? வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் தொண்டர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள். சட்டம் அவர்களைத் துரத்திவிடாதா?" என்று கேட்பார்கள்.

துரத்தக் கூடாது. கோட்டூர்புரத்தில் இருக்கும் "வித்யா சாகர்" 1985-ல் தொடங்கியது. மூளை முடக்குவாதம் வந்த பிள்ளைகளுக்குப் பாடுபடும் இந்தச் சங்கத்தைப் போன்ற இடங்களில், பெற்ற தாயே பயிற்சியைக் கற்றுக்கொண்டு வீட்டில் செய்கிறாள். தாயின் கையைப் போல வேறு கை ஏது? தொண்டரும் தாயும் செய்வதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால், என்ன செய்ய வேண்டும் என்று முதலில் பார்த்துச் சொல்கிறவர் படித்தவராக இருக்க வேண்டும். மாதம் ஒரு முறையாவது வந்து, பிள்ளை தேறுகிறதா என்று அவர் பார்க்க வேண்டும். உதவியாளர் தம்மை உதவியாளர் என்றே சொல்லிக்கொள்ள வேண்டும். கம்பவுண்டர் டாக்டர் போர்டு மாட்டினால் நாம் சும்மா இருப்போமா?

படித்தவர்கள் நகரத்தை விட்டு ஏன் போகவில்லை என்பதும் ரகசியம் இல்லை. அங்கே போதுமான வேலை இல்லை. 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். நல்ல காரியம். அவரோடு செயல்முறைச் சிகிச்சையாளரும் வந்தால், நடக்க வைத்த தாத்தா தானாகவே சாப்பிடவும் செய்வார். தாலுகா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் ஒரு பதவி இருந்தால், முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனத்துக்கும் கே.கே. நகரில் உள்ள மறுவாழ்வு ஆஸ்பத்திரிக்கும் ஊரை விட்டு ஊர் வந்து யாரும் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. கிண்டியிலேயே 2024 பிப்ரவரியில் முதியோருக்கென்று தேசிய ஆஸ்பத்திரி திறந்தார்கள். முதியவர்கள் பெருகும் மாநிலம் இது. பக்கவாதமும் நடுக்குவாதமும் பெருகத்தான் செய்யும்.

நல்ல கையைக் கட்டு!

பட்டம் வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை.

பட்டம் வாங்கிய நாளோடு படிப்பு முடிந்துவிட்டது என்று எண்ணுகிறவர் இந்தத் தொழிலுக்கு ஆகமாட்டார். முன்பெல்லாம் பக்கவாதக்காரருக்கு, "நல்ல கையால் எல்லாம் செய்து பழகு" என்றார்கள். பிறகு எட்வர்டு டாப் என்ற அமெரிக்க அறிஞர் அதைத் தலைகீழாக்கினார். நல்ல கைக்கு உறையை மாட்டிக் கட்டிவிடு. விழுந்த கையை வேலை செய்யவிடு என்றார். 2006-ல் வெளிவந்த பெரிய ஆராய்ச்சியில், இரண்டு வாரம் இப்படிச் செய்தவர்களின் கை நன்றாகத் தேறியது தெரிந்தது.

கேட்பதற்குச் சுலபம். வீட்டில் இருப்பவர்களே ஒரு துண்டை எடுத்துக் கட்டிவிடலாம் போலத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது அசைகிறவர்களுக்கே இது பலிக்கும். துளியும் அசையாத கைக்காரரின் நல்ல கையையும் கட்டிவிட்டால், அவர் நிலை என்ன ஆகும்? யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று தெரிந்தவரே வைத்தியர்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஊஞ்சல், பந்து, பிரஷ் கொண்டு புலன்களைப் பழக்கும் முறைக்கு இப்போது நல்ல கிராக்கி. அது எந்த அளவுக்குப் பலன் தரும் என்பதற்குச் சான்று குறைவு, பெற்றோருக்கு இதைச் சொல்லிவிட வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-ல் அறிக்கை விட்டது. அதற்குப் பிறகும் ஆராய்ச்சிகள் நடக்கின்றன. இதை எல்லாம் படித்து, "இந்தப் பிள்ளைக்கு இது வேண்டும், அந்தப் பிள்ளைக்கு வேண்டாம்" என்று சொல்லும் துணிச்சல் சிகிச்சையாளருக்கு வேண்டும்.

இங்கிலாந்தில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இடையில் என்ன கற்றாய் என்று சிலரைப் பொறுக்கி எடுத்துக் கணக்குக் கேட்கிறார்கள். யாரிடம் கேட்பார்கள் என்று தெரியாததால், எல்லாருமே படிக்கிறார்கள்! நமது மன்றங்களும் இதைச் செய்ய வேண்டும். ஆனால் கற்றுக்கொள்ள இடமும் வேண்டும். ராமநாதபுரத்தில் இருப்பவர், ஒரு நாள் வகுப்புக்காக ஒரு வாரக் கூலியைச் செலவழித்து சென்னை வர முடியாது. கிண்டிப் பல்கலைக்கழகம் மனம் வைத்தால், மாவட்ட மருத்துவக் கல்லூரிகளிலேயே ஆண்டுக்கு இரண்டு வகுப்பு நடத்தலாம்.

வாசலில் கேட்க வேண்டியது

சர்க்கார் செய்யும் வரை நாம் சும்மா இருக்க வேண்டாம். பிள்ளையையோ, பெரியவரையோ அழைத்துக்கொண்டு ஒரு மையத்துக்குப் போகிறவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள்.

"ஐயா, நீங்கள் படித்த படிப்பு என்ன? எந்தப் பல்கலைக்கழகம்?" பி.ஓ.டி. என்றோ, அதற்கு மேல் எம்.ஓ.டி. என்றோ பதில் வர வேண்டும். மன்றத்தில் பதிந்தவரா, அகில இந்தியச் சங்கத்தில் உறுப்பினரா என்று கேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளையோடு தினமும் உட்காரப் போகிறவர் அவரா, வேறு ஒருவரா என்றும் கேளுங்கள். பெரிய பெயர் போர்டில் இருக்கும். உள்ளே இருப்பது நேற்றுச் சேர்ந்த பெண்ணாக இருக்கும்.

பிறகு இதைக் கேளுங்கள்: "மூன்று மாதத்தில் என் பிள்ளை தானாக என்ன செய்யும்?"

தொழில் தெரிந்தவர் உடனே பதில் சொல்லமாட்டார். பிள்ளையைத் தரையில் உட்கார வைத்து விளையாட்டுக் காட்டுவார். கரண்டியைக் கொடுத்துப் பார்ப்பார். வீட்டில் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறது, யார் ஊட்டுகிறார்கள் என்று விசாரிப்பார். அதற்குப் பிறகு, "கரண்டியைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டு போகப் பார்ப்போம். பொத்தான் அதற்கு அடுத்து" என்பார்.

"எல்லாம் சரியாகிவிடும், முதலில் ஆறு மாதப் பணத்தைக் கட்டுங்கள்" என்று ஒருவர் சொன்னால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிவிடுங்கள்.